வெள்ளத்துக்குப் பின் ஒரு மண்டலம்

(நமது சங்கத்தின் மும்பை உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



காரியதரிசி என்னிடம், "மாமா, மழைக்காலம் வரப்போகிறது, எல்லோருக்கும் உபயோகமாக ஏதாவது பேசுங்கள்" என்றார். எனக்கு உபன்யாசம் செய்யத் தெரியாது. சாஸ்திரங்களும் அதிகம் படித்தவனில்லை. முப்பத்து மூன்று வருஷம் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன். காலை ஏழு மணிக்குப் பாட்டில் பாட்டிலாக வரும் தண்ணீரைச் சோதித்து, இது குடிக்கலாம், இது கூடாது என்று எழுதி அனுப்புவதுதான் உத்தியோகம். சதாபிஷேகம் ஆகிவிட்ட இந்த வயதில் எனக்குப் பேசத் தெரிந்தது தண்ணீரைப் பற்றித்தான். ஆகவே வெள்ளம், புயல், பூகம்பம் முதலியவற்றுக்குப் பிறகு தண்ணீரால் பரவும் வியாதிகளைப் பற்றிச் சொல்கிறேன். இதில் ஒரு பகுதி என் சொந்தத் தவறு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு பொதுவான பயத்தைப் பார்ப்போம். எங்கே பேரிடர் நடந்தாலும் இரண்டாம் நாளே, "இறந்தவர்களின் உடல்களால் கொள்ளை நோய் பரவும்" என்று ஒரு பேச்சு கிளம்பிவிடும். அதனால் அவசர அவசரமாக, யார் எவர் என்று அடையாளம் கூடப் பார்க்காமல் ஒரே குழியில் போட்டு மூடிவிடுகிறார்கள். பெற்ற பிள்ளைக்குத் தகப்பனார் காரியம் செய்ய முடியாமல் போகிறது. அது எவ்வளவு பெரிய துக்கம் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. உண்மை என்னவென்றால், வெள்ளத்திலும் இடிபாட்டிலும் இறந்தவர்கள் பெரும்பாலும் ஆரோக்கியமாக இருந்தவர்கள். இல்லாத கிருமியை அவர்கள் பரப்ப முடியாது. காலரா போன்ற நோயால் இறந்தவர்கள் விஷயம் வேறு. மற்றபடி, ஆபத்து உயிரோடு இருப்பவர்களிடமிருந்துதான் வருகிறது. சரியாகச் சொன்னால், உயிரோடு இருப்பவர்களின் மலம் குடிதண்ணீரில் கலப்பதால் வருகிறது. சபையில் சொல்லக் கூசுகிற வார்த்தைதான். ஆனால் இதைக் கூசாமல் சொன்னால்தான் மற்றது புரியும்.

வெள்ளம் தானாகக் காலராவை உண்டாக்குவதில்லை. 2010 ஜனவரி 12-ஆம் தேதி ஹைட்டி நாட்டில் பெரிய பூகம்பம் வந்தது. அந்த நாட்டில் நூறு வருஷத்துக்கு மேலாகக் காலரா என்று பதிவே இல்லை. பூகம்பம் நடந்து ஒன்பது மாதம் வரை வரவும் இல்லை. அக்டோபரில் வந்தது. உதவி செய்யப் போயிருந்த ஐ.நா. அமைதிப் படையின் முகாம் ஒன்றிலிருந்து கழிவு நீர் ஆற்றில் கலந்ததுதான் காரணம். ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். அதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று 2016-ல்தான் ஐ.நா. வருத்தம் தெரிவித்தது. கிருமியை யாரோ கொண்டுவர வேண்டும், அது குடிதண்ணீருக்குப் போக ஒரு வழி வேண்டும். இயற்கைச் சீற்றம் செய்வது அந்த வழியைத் திறந்துவிடுவதுதான். சாக்கடைக் குழாய் உடைகிறது, பக்கத்திலேயே குடிநீர்க் குழாயும் உடைகிறது. மின்சாரம் இல்லாமல் பம்பு நிற்கிறது. பம்பு நின்றால் குழாயில் அழுத்தம் போய்விடும். அழுத்தம் இருக்கிற குழாயில் விரிசல் இருந்தால் தண்ணீர் வெளியே கசியும். அழுத்தம் இல்லாத குழாயில் அதே விரிசல் வழியாக வெளியே இருக்கும் சாக்கடை உள்ளே போகும். இதுதான் சூட்சுமம்.

நம்மில் டெல்லிவாசிகள் நிறையப் பேர் உண்டு. கரோல்பாக்கில் அந்தக் காலத்திலேயே குடியேறிய குடும்பங்களில் பெரியவர்கள் யாராவது இருந்தால், 1955-56 காமாலை வருஷத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். எங்கள் பரிசோதனைக் கூடத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு மூத்தவர்கள் சொல்லும் முதல் கதை அதுதான்.

1955-ல் யமுனையில் பெரிய வெள்ளம் வந்தது. வெள்ளம் வடிந்தபோது நதி தன் போக்கைச் சற்று மாற்றிக்கொண்டு போய்விட்டது. அதனால் வஜீராபாத்தில் நகரத்துக்குக் குடிதண்ணீர் எடுக்கும் இடத்துக்கு, கீழே இருந்த நஜஃப்கட் சாக்கடையின் நீர் பின்னோக்கி ஏறி வந்தது. நவம்பர் மாதம் சில நாட்கள் நகரம் முழுவதும் சாக்கடை கலந்த நீர்தான் சுத்திகரிப்புக்குப் போயிற்று. பொறியாளர்கள் தூங்கிவிடவில்லை. கண்டுபிடித்தார்கள். படிகாரத்தைக் கூட்டினார்கள், குளோரினைக் கூட்டினார்கள். அதற்குப் பலனும் இருந்தது. டைபாய்டு போன்ற வியாதிகள் அதிகமாகவில்லை. எல்லோரும் பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

டிசம்பர் முதல் வாரம் காமாலை தொடங்கியது. ஜனவரிக்குள் கண் மஞ்சளானவர்கள் மட்டும் 29,000 பேருக்கு மேல். கர்ப்பிணிகளில் பத்தில் ஒருவர் வரை இறந்தார்கள். ஏன் கர்ப்பிணிகள் மட்டும் இப்படி என்று அன்றைக்கு யாருக்கும் புரியவில்லை. பத்திரப்படுத்தி வைத்திருந்த அந்த நோயாளிகளின் ரத்த மாதிரிகளை 1980-ல் மறுபடி சோதித்தபோதுதான் இது வழக்கமான ஏ வகைக் காமாலை இல்லை என்று தெரிந்தது. 1978-ல் காஷ்மீரில் இதே மாதிரி பரவியதைக் கவனித்து டாக்டர் முகமது சுல்தான் குரூ எழுதியதும் அந்தச் சமயத்தில்தான். இப்போது அதற்கு ஹெபடைடிஸ் ஈ என்று பெயர். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் வந்தால் தாய்க்கும் சிசுவுக்கும் அது எமன்.

இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டியது தேதிகளை. தண்ணீர் கெட்டது நவம்பரில். வியாதி உச்சத்தைத் தொட்டது டிசம்பர் கடைசியில். நடுவில் ஏறத்தாழ நாற்பது நாள். அந்த நாற்பது நாளும் தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது.

வெள்ளத்துக்குப் பின் வரும் ஒவ்வொரு வியாதிக்கும் ஒரு தவணை உண்டு. காலராவும் மற்ற வாந்தி பேதிகளும் சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாட்களுக்குள் வரும். எலிக் காய்ச்சல் பெரும்பாலும் ஐந்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் வரும். அது குடிப்பதால் வருவதை விட, எலி மூத்திரம் கலந்த வெள்ளத்தில் காலில் புண்ணோடு நடப்பதால் வருவதே அதிகம். டைபாய்டு ஒன்றிலிருந்து மூன்று வாரம். ஏ வகைக் காமாலை சுமார் நான்கு வாரம். ஈ வகைக் காமாலை சராசரியாக நாற்பது நாள், சிலருக்கு இன்னும் தள்ளியும் வரும்.

நம் வழக்கத்தில் ஒரு மண்டலம் என்றால் 48 நாள். விரதம் என்றாலும் மருந்து என்றாலும் மண்டலக் கணக்குத்தான். வெள்ளத்துக்கும் அதே கணக்கை வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. முதல் வாரம் எல்லோரும் ஜாக்கிரதையாக இருக்கிறோம். ராணுவம் வருகிறது, மந்திரி வருகிறார், சங்கங்கள் புளியோதரைப் பொட்டலம் கட்டுகின்றன. பத்தாவது நாள் பத்திரிகையில் வேறு செய்தி வந்துவிடுகிறது. கிருமிக்குப் பத்திரிகை படிக்கத் தெரியாது. அது தன் தவணைக்கு வந்து நிற்கும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

2005 ஜூலை 26. இங்கே இருப்பவர்களுக்கு அந்தத் தேதியை ஞாபகப்படுத்த வேண்டாம். வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன். சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. அதே நாள் கொலாபாவில் 73 மில்லிமீட்டர்தான். மித்தி ஆற்றுக்குச் சமீபத்தில் எங்கள் ஸொஸைட்டி. நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம். சும்மா இருக்கிறாரே என்று என்னைக் காரியதரிசி ஆக்கியிருந்தார்கள். வளாகத்தில் மார்பளவு தண்ணீர். நிலத்தடித் தொட்டி முழுகி, அதற்குள் சாக்கடையும் போய்விட்டது.

எனக்குத் தெரிந்த வேலை அல்லவா, உற்சாகமாகவே இறங்கினேன். நாற்பதாயிரம் லிட்டர் தொட்டியை இறைத்து, சேற்றை வாரி, சுவரைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசலை ஓர் இரவு நிரப்பி வைத்து, மறுநாள் அதையும் வெளியேற்றி, பிறகுதான் புதுத் தண்ணீர் விட்டோம். தினமும் காலையில் குளோரோஸ்கோப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பேன். குழாயில் தண்ணீர் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சளாகும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். பத்து நாளும் அழகாக மஞ்சள் வந்தது. அந்த ஆகஸ்டில் நகரம் முழுக்க எலிக் காய்ச்சல் பேச்சாக இருந்தது. எங்கள் கட்டடத்தில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. எனக்குக் கொஞ்சம் கர்வம் கூட வந்துவிட்டது.

பன்னிரண்டாம் நாள் மூன்றாவது மாடி மாமி வந்தார். "என்ன மாமா இது, காபியை வாயில வைக்க முடியல்லே. நீச்சல் குளத்து ஜலம் மாதிரி நாத்தம் அடிக்கறது. இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் கஷாயம்?" என்றார். என் ஆத்துக்காரியும், "உங்க லேபை ஆத்துக்குள்ள கொண்டு வராதேங்கோ" என்றாள். கமிட்டியில் பேச்சு வந்தது. தொட்டி சுத்தமாகிவிட்டதே, மாநகரத் தண்ணீரில் ஏற்கெனவே குளோரின் இருக்கிறதே, எதற்கு மறுபடி என்றார்கள். நானும் சரி என்று தலையாட்டினேன். எனக்கும் நல்ல டிகாஷன் காபி வேண்டியிருந்தது. பவுடர் போடுவதை நிறுத்தினேன். அதோடு நின்றிருந்தால் கூடப் பரவாயில்லை. சோதனை செய்வதையும் நிறுத்தினேன். குளோரோஸ்கோப் அலமாரிக்குள் போயிற்று.

எங்கள் காவலாளி பீகார்க்காரர். படிக்கட்டுக்கு அடியில் ஒரு சின்ன அறையில் அவரும் மனைவியும் இருந்தார்கள். நான் சோதனையை நிறுத்திய ஒரு வாரத்தில் ஒரு நாள் கேட்டார், "ஸாப், பானி டீக் ஹை நா?" என்று. அவர் ஊரில் வருஷா வருஷம் வெள்ளம். வெள்ளத்துக்குப் பிறகு தண்ணீரைச் சந்தேகப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் நடந்துகொண்டே, "டீக் ஹை" என்றேன். முப்பத்து மூன்று வருஷம் சோதிக்காமல் ஒரு பாட்டிலுக்கும் கையெழுத்துப் போட்டதில்லை. அன்றைக்குப் போட்டேன்.

செப்டம்பர் கடைசியில் அவர் மனைவிக்குக் காமாலை வந்தது. இருபத்து மூன்று வயது. ஏழாவது மாதம். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அந்தப் பெண் பிழைத்துவிட்டாள். குழந்தை பிழைக்கவில்லை.

மாடியில் இருந்த எங்களுக்கு ஏன் வரவில்லை? ஒவ்வொரு வீட்டிலும் கொதிக்க வைத்துக் குடித்தோம், அல்லது யந்திரம் வைத்திருந்தோம். காவலாளியின் அறைக்கு மட்டும் நிலத்தடித் தொட்டியிலிருந்து நேராக ஒரு குழாய். அவர்களுக்கு ஒரே ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. குடிக்கிற தண்ணீரையும் கொதிக்க வை என்றால் எண்ணெய்க்கு எங்கே போவார்கள்? அக்டோபரில் தொட்டியை மறுபடி இறைத்துப் பார்த்தேன். வெள்ளத்தில் மண் இறங்கி, ஒரு பக்கச் சுவரில் முடி அளவு விரிசல். அந்தச் சுவருக்கு வெளியே நான்கு அடி தூரத்தில் சாக்கடைக் குழாய். நான் கழுவிய அன்றைக்கு அந்த விரிசல் இருந்ததா, பிறகு வந்ததா என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்று சொல்ல முடியும். தினமும் சோதித்திருந்தால், ஒரு நாள் காலை மஞ்சள் வராமல் போயிருக்கும். போட்ட குளோரினை ஏதோ ஒன்று தின்றுகொண்டிருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்திருக்கும்.

டெல்லிக் கதையில் பார்த்தோம், சாக்கடை மிகுந்துவிட்டால் குளோரினால் மட்டும் எல்லாக் கிருமியையும் கொல்ல முடியாது. ஆனால் குளோரின் மருந்து மட்டுமல்ல, அது ஒரு காவலும் கூட. குழாய் முனையில் அது இருக்கிற வரை வழியில் பெரிய கலப்பு இல்லை என்று அர்த்தம். நேற்று இருந்து இன்று காணோம் என்றால் எங்கேயோ உடைப்பு. நான் நிறுத்தியது அந்தக் காவலை.

அந்தக் காவலாளி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்போதும் போல நமஸ்தே சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

பயமுறுத்திவிட்டுப் போவது என் நோக்கமில்லை. சரியாகச் செய்தால் இதைத் தடுக்க முடியும் என்பதற்கும் நம் தேசத்திலேயே சாட்சி இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் இறந்தார்கள். சுனாமியில் இறந்த அளவுக்கு வியாதியாலும் இறப்பார்கள் என்று உலக சுகாதார நிறுவனமே எச்சரித்தது. நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. லாரித் தண்ணீரில் குளோரின் போட்டார்கள், முகாம்களில் அதைச் சோதித்தார்கள், குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசி போட்டார்கள். நடக்காத ஒன்றுக்கு யாரும் நினைவுச் சின்னம் வைப்பதில்லை. நாமாவது நினைவு வைத்துக்கொள்வோம்.

இன்னொன்று கல்கத்தா அன்பர்கள் பெருமைப்பட வேண்டியது. 1971-ல் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் வந்தபோது, பன்காவ் முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் ஸலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மஹலானாபிஸ், குளுக்கோஸும் உப்பும் சமையல் சோடாவும் தண்ணீரில் கரைத்து, டிரம்மில் வைத்து, உறவினர்களே டம்ளர் டம்ளராகக் கொடுக்கும்படி செய்தார். நூற்றுக்கு முப்பது என்று இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-ல் காலமானார். மறுவருஷம் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். இன்றைக்கு மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் பின்னால் இந்தச் சரித்திரம் இருக்கிறது.

இனி நாம் செய்ய வேண்டியவை. பேனா வைத்திருப்பவர்கள் எழுதிக்கொள்ளலாம்.

ஒன்று. தொட்டிக்குள் வெள்ளம் போயிருந்தால் மேலாகக் குளோரின் தூவினால் போதாது. முழுக்க இறைத்துக் கழுவ வேண்டும். பிறகு ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் கரைத்து, ஓர் இரவு வைத்து, அதை வெளியேற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். இந்தத் தண்ணீர் குடிக்க அல்ல, தொட்டியைச் சுத்தம் செய்ய. மாடித் தொட்டிக்கும் இதே முறை. தொட்டிக்குள் இறங்குகிறவர் தனியாக இறங்கக் கூடாது. காற்றோட்டம் பார்த்து, வெளியே ஆள் நின்று, பிறகுதான் இறங்க வேண்டும்.

இரண்டு. அதன் பிறகு தினமும் ஆயிரம் லிட்டருக்கு 5 கிராம். வாளியில் கரைத்துத் தெளியவைத்து, மேல் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். அரை மணி கழித்துச் சோதித்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் இருக்க வேண்டும். சோதனைப் பெட்டி விலை அதிகமில்லை. பவுடர் திறந்து வைத்தால் வீரியம் போய்விடும். போன வருஷத்து மூட்டை சுண்ணாம்புக்குச் சமானம். தெருவோரம் வெள்ளைக் கோடு போடுவதால் பிரயோஜனம் இல்லை. அது போக வேண்டிய இடம் தண்ணீர்.

மூன்று. வீட்டில் தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிஷமாவது கொதிக்கட்டும். கலங்கலாக இருந்தால் முதலில் வடிகட்டுங்கள். படிகாரமும் தேத்தாங்கொட்டையும் தெளிய வைக்கும், கிருமியைக் கொல்லாது. செப்புக் குடத்தில் வைத்தால் போதுமே என்று மாமிகள் கேட்பதுண்டு. செம்புக்கு குணம் உண்டு, ஆனால் சாக்கடை கலந்த ஜலத்தை அதை நம்பிக் குடிக்கக் கூடாது. ஆர்.ஓ. யந்திரம் மின்சாரம் இல்லாவிட்டால் வெறும் பெட்டிதான். இருந்தாலும், பல் தேய்ப்பதும் கறிவேப்பிலை அலம்புவதும் தட்டு கழுவுவதும் எந்தத் தண்ணீரில் என்று யோசியுங்கள்.

நான்கு. ஆசமனத்துக்குக் காய்ச்சின ஜலம் கூடாது என்று வாத்தியார் சொன்னால், குளோரின் போட்டு அரை மணி வைத்த ஜலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மடிக்கு பங்கமில்லை, உடம்புக்கும் கெடுதல் இல்லை. கோயிலில் தீர்த்தம் கொடுப்பவர்களும் இதைக் கவனிக்கலாம்.

ஐந்து. வெள்ளத்தில் நடந்தவர்கள், குறிப்பாகக் காலில் புண் உள்ளவர்கள், டாக்டரிடம் கேட்டு எலிக் காய்ச்சலுக்குத் தடுப்பு மாத்திரை எடுத்துக்கொள்ளலாம். 2018 கேரள வெள்ளத்தின்போது டாக்ஸிசைக்ளின் என்ற மாத்திரையைப் பரவலாகக் கொடுத்தார்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் டாக்டர் சொல்லாமல் தொடக் கூடாது. காய்ச்சல் வந்தால் "வெள்ளத்தில் நடந்தேன்" என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

ஆறு. பேதி வந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்கவில்லை என்று காத்திருக்காதீர்கள். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. அதிகமாக்க வேண்டாம். அரிசிக் கஞ்சியில் உப்புப் போட்டும் கொடுக்கலாம். கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஏழு. இதை எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். தண்ணீரை உங்கள் ஆத்துக் குழாயில் சோதிக்காதீர்கள். வளாகத்திலேயே யாருக்கு வசதி குறைவோ அவருடைய குழாயில் சோதியுங்கள். காவலாளி, தோட்டக்காரர், வேலை செய்யும் அம்மாள் வீட்டுத் தெருக்குழாய். நம் ஆத்தில் பாத்திரம் தேய்க்கும் கையும் அவர் குழந்தையைக் கழுவும் கையும் ஒன்றுதான். அந்த வீட்டில் தண்ணீர் கெட்டால் நம் வீட்டுக்கு வர அதற்கு ஒரு நாள் போதும். ஆனால் அதற்காக மட்டும் இதைச் செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் குழந்தையும் குழந்தைதான்.

நம் சங்கத்துக்குப் பல ஊர்களில் கிளை இருக்கிறது. நிவாரணம் என்றால் நாம் தாராளமாகக் கொடுக்கிறோம். அரிசி, போர்வை, ரொக்கம் எல்லாம் முதல் வாரத்தில் போய்ச் சேருகிறது. அதில் ஒரு பங்கை இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை ஒதுக்கிவையுங்கள். ஒரு கிளைக்கு ஒரு சோதனைப் பெட்டி, நல்ல பவுடர், தினமும் குறித்து வைக்க ஒரு நோட்டு, அதற்குப் பொறுப்பாக ஓய்வு பெற்ற ஒரு மாமா. என்னைப் போல நிறையப் பேர் சும்மாதான் இருக்கிறார்கள். 48 நாள், ஒரு நாள் தவறாமல். காபி வாசனை கெட்டுப்போயிற்று என்று யாராவது சொன்னால், இந்த உரையைப் படித்துக் காட்டுங்கள்.

அந்தக் காவலாளி 2009-ல் ஊரோடு போய்விட்டார். அதற்கு முந்தின வருஷம் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. புறப்படும் அன்றைக்கு என் ஆத்துக்கு வந்தார். பக்ஷணமும் கொஞ்சம் பணமும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நின்றார். பிறகு, "ஊரில் வெள்ளம் வரும் ஸாப். ஒரு குடத்துக்கு எத்தனை மாத்திரை போட வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்" என்றார். ஹிந்தியில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். குளோரின் மாத்திரை அட்டைகள் வீட்டில் இருந்ததையெல்லாம் கொடுத்தேன். அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அன்று முதல் ஒவ்வொரு மழைக்காலமும், முதல் பாட்டிலைப் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் அந்தக் குழாயில்தான் பிடிக்கிறேன். இன்று காலையும் பிடித்துவிட்டுத்தான் வந்தேன். மஞ்சள் வந்தது.